மூன்று விலைமனுக்கள், மூன்று விதமான கிளஸ்டர்

கொழும்பு யூனியன் பிளேஸில் இருக்கும் எங்கள் அலுவலகத்துக்குப் புதிய தரவுச் சேமிப்பகம் வாங்க மூன்று விலைமனுக்கள் வந்தன. நெட்அப்பின் ஒன்டேப், டெல்லின் பவர்ஸ்டோர், சாதாரண சேர்வர்களில் ஓடும் திறமூல மென்பொருளான செஃப். பல இயந்திரங்களைச் சேர்த்து ஒன்றாக இயக்குவதைக் குறிக்கும் ‘கிளஸ்டர்’ என்ற சொல் மூன்றிலும் தடித்த எழுத்தில் இருந்தது. ஆனால் அதன் பொருள் ஒன்றுக்கொன்று வேறு.

பவர்ஸ்டோரில் பெட்டிக்கு இரண்டு நோட்கள், அதாவது வட்டுகளை இயக்கும் கணினிகள். நான்கு பெட்டிகள் வரை சேர்த்து ஒரே திரையில் நிர்வகிக்கலாம். ஆனால் ஒரு வொல்யூம், அதாவது தரவு வைக்க ஒதுக்கிய ஒரு பகுதி, ஒரே பெட்டியில்தான் குடியிருக்கும். இடம் நெருங்கினால் வேலை நிற்காமலே அடுத்த பெட்டிக்கு மாற்றலாம். பெட்டியே படுத்துவிட்டால், தனியாகப் பிரதி ஏற்பாடு செய்திருந்தாலொழிய, மற்ற மூன்றும் உதவாது. டெல் தரும் 5:1 தரவுச் சுருக்க உத்தரவாதமும் சுருங்கக்கூடிய தரவுக்கு மட்டுமே. எங்களிடம் இருப்பதில் பெரும்பகுதி ஸ்கேன் செய்த ஆவணங்கள். ஏற்கெனவே சுருக்கப்பட்டவற்றை இன்னும் எவ்வளவு சுருக்க முடியும்?

ஒன்டேப்பும் இரண்டிரண்டு நோட்களாகத்தான் வளர்கிறது. கோப்புப் பகிர்வுக்கு 24 நோட்கள் வரை, சேர்வர்களுக்கு வட்டுப்போல் இடம் தரும் சான் பயன்பாட்டுக்கு 12 வரை. ஒரு நோட் விழுந்தால் அதன் வேலையை ஏற்பது அதன் சோடி மட்டுமே. ஆனால் பிளெக்ஸ்குரூப் என்ற அதன் அம்சத்தின் மூலம் ஒரே பெரிய கோப்புறையைப் பல நோட்களில் பரப்பலாம். கோப்புகள் மிகுந்த எங்களுக்கு அது பெரிய வசதி.

சோடி என்றதும் 2022 நினைவுக்கு வருகிறது. மார்ச் இறுதியில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. ஒருநாள் மின்பிறப்பாக்கிக்கு மாறும்போது எங்கள் பழைய பெட்டியின் சோடியில் ஒரு கொன்ட்ரோலர் (நோட்டின் இன்னொரு பெயர்) எழும்பவில்லை. செம்மஞ்சள் விளக்கு எரிந்தது. மற்றது உடனே பொறுப்பேற்றது. அதுவரை எல்லாம் சரி. ஆனால் இரண்டும் அதற்கு முன்பே எழுபது வீதச் சுமையில் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றின் தலையில் நூற்றுநாற்பது வீதம் ஏறினால் என்னாகும்? ஒரு பற்றுச்சீட்டைத் திறக்க நான்கு நிமிடம். அறிக்கையில் ‘சேவை தடைப்படவில்லை’ என்று எழுதியிருந்தார்கள். கீழ்த்தளத்தில் வாடிக்கையாளர்கள் வாசல்வரை வரிசையில் நின்றார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு கொன்ட்ரோலரும் ஐம்பது வீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

செஃப்பில் சோடி என்ற கணக்கே இல்லை; அது தரவைத் துண்டுகளாக எல்லா இயந்திரங்களிலும் பரப்புகிறது. வழமையான அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதிகள். அதனால் 90 டெராபைட் வட்டு வாங்கினால் கைக்கு வருவது 30க்கும் குறைவு. மூன்று சேர்வர்கள் போதும் என்று விலைமனு சொன்னது. ஒன்று போனால் மூன்றாவது பிரதியை மீண்டும் உருவாக்க எங்கே இடம்? நான்காவது சேர்வர் அவசியம். மறுபக்கம், எந்த நிறுவனத்தின் வட்டும் பொருந்துகிறது என்பது இங்கே சிறிய விடயமல்ல. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது, தன் வட்டைத் தவிர வேறெதையும் ஏற்காத பெட்டிக்கு வட்டுகள் அடங்கிய ஒரு தட்டு சேர்ப்பதே எங்களுக்கு எட்டாக்கனியானது. பம்பலப்பிட்டிக் கடையில் வட்டு வாங்கிப் பூட்டும் சுதந்திரத்தின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

இருந்தும் நான் செஃப்பைத் தெரிவு செய்யவில்லை. லினக்ஸ் ஆழமாகத் தெரிந்த இருவரில் ஒருவர் மெல்பேர்னுக்குப் போய்விட்டார். நள்ளிரவில் அது இழந்த பிரதிகளை மீண்டும் உருவாக்கத் தொடங்கினால் அதைக் கவனிக்க ஒரே ஒருவர்தான். நான்கு பேர் உள்ள குழுவென்றால் தயங்காமல் அதையே பரிந்துரைப்பேன். ஒரே இயந்திரத்தில் மென்பொருளாகப் பல ஓடும் மெய்நிகர் சேர்வர்களே பெரும்பாலும் உள்ள இடத்துக்குப் பவர்ஸ்டோர் நல்லது. எங்களுக்கு ஒன்டேப், ஒரேயொரு சோடி.

கொள்வனவு ஒப்பந்தத்தில் இரண்டு வரிகள் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்த தட்டின் டொலர் விலை மூன்று ஆண்டுகளுக்கு மாறக்கூடாது. இறுதித் தவணைக்கு முன், எங்கள் கணக்கு மென்பொருளின் நகல் முழுச் சுமையில் ஓடும்போது, விற்பவரே ஒரு கொன்ட்ரோலரை இழுத்தெடுத்துக் காட்ட வேண்டும்.