கல்பாத்தித் தேர் வீடியோ: கோப்பை நாம் தள்ளுவதா, சிடிஎன் இழுப்பதா?

கல்பாத்தித் தேர் முடிந்த ராத்திரியே வீடியோ வேண்டும் என்பார்கள். பாலக்காட்டில் எடுத்தது மும்பையிலும் துபாயிலும் இருக்கிற அக்ரஹாரத்துப் பிள்ளைகளுக்குத் திக்காமல் ஓட வேண்டும். எஸ்எஃப்டிபியில் (கோப்புகளைப் பாதுகாப்பான இணைப்பில் அனுப்பும் முறை) ஏற்றி, சிடிஎன் (பல ஊர்களில் நகல் வைத்து, பார்ப்பவருக்குப் பக்கத்திலிருந்து கொடுக்கும் சர்வர் வலை) வழியாகப் பரப்ப ரெண்டு பாதை: சிடிஎன்காரரின் ஸ்டோரேஜிலேயே நேராகத் தள்ளுவது, அல்லது நம் சர்வரில் போட்டு, ஆள் கேட்கும்போது சிடிஎன் வந்து இழுத்துக்கொள்ள விடுவது.

பாதுகாப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. 22ஆம் போர்ட், பாஸ்வேர்டுக்குப் பதில் சாவி. நம் சர்வரில் சிரூட் போட்டால் (ஏற்றுபவரை ஒரே ஃபோல்டருக்குள் அடைத்தால்) அந்த ஃபோல்டரின் ஓனர் ரூட்டாகவே (சர்வரின் தலைமை அக்கவுண்ட்) இருக்கட்டும். இல்லையென்றால் லாகின் ஆன கையோடு இணைப்பு அறும். வேகமும் ஒன்றே: 10 எம்பிபிஎஸ் அப்லோடில் 4 ஜிபி ஏற எப்படியும் 53 நிமிஷம்.

வம்பு அந்த 53 நிமிஷத்தில்தான். பாதி ஏறிய கோப்பை யாராவது திறந்தால், அந்தப் பாதியையே முழுசு என்று சிடிஎன் தன் கேஷில் (நகல் சேமிப்பில்) வைத்துக்கொள்ளும். மீதி ஏறிய பிறகும் அந்த எட்ஜில் (சிடிஎன்னின் அந்த ஊர் சர்வரில்) கிடைப்பது பழைய பாதி. அமேசானின் சிடிஎன்னான கிளவுட்ஃப்ரண்ட்டில், எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று சொல்லும் ஹெடர் எதுவும் வைக்காவிட்டால் வழக்கமாக 24 மணி நேரம் அப்படியே கிடக்கும். ஃபாஸ்ட்ஸ்டார்ட் (இண்டெக்ஸைக் கோப்பின் தொடக்கத்தில் வைக்கும் ஆப்ஷன்) போட்ட எம்பி4 இன்னும் ஏமாற்றும். அதனால் மொத்த நேரம் சரியாகக் காட்டும், ஆரம்பம் ஜோராக ஓடும், மூன்றாம் நாள் தேர்கள் சங்கமிக்கும் இடத்தில் நின்றுவிடும். முதல் நிமிஷத்தை மட்டும் பார்த்துச் சரி என்று விடுபவர்கள் மாட்டுவது இங்கேதான்.

இழுக்கும் பாதையில் இதற்கு மருந்து நம் கையில்: வேறு பெயரில் ஏற்றி, முடிந்ததும் பெயர் மாற்றுவது. ஒரே டிஸ்க்குக்குள் ரீநேம் கண்ணிமைக்கும் நேரம். கோப்பு ஏற்றும் கருவிகளில் ஆர்சிங்க் தானாகவே இப்படிச் செய்யும். வின்எஸ்சிபி 100 கேபிக்கு மேற்பட்டதற்கு .ஃபைல்பார்ட் ஒட்டி ஏற்றும். அந்த ஆப்ஷனை அணைக்காதீர்கள். எச்எல்எஸ் (வீடியோவைச் சின்னத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்கும் முறை) என்றால் துண்டுகள் முதலில், எம்3யூ8 பட்டியல் கடைசியில்.

தள்ளும் பாதையில் இது ஸ்டோரேஜின் தயவு. ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில் (ஃபோல்டர் அடுக்கு இல்லாமல் கோப்பை முழுசாக வைக்கும் கிளவுட் சேமிப்பு) ரீநேம் என்பது பெரும்பாலும் நகலெடுத்து அழிப்பது. லைன் அறுந்தால் அதுவரை வந்ததையே முழுக் கோப்பாக வைத்துவிடும் கேட்வேயும் (எஸ்எஃப்டிபியில் வருவதை வாங்கி ஸ்டோரேஜில் போடும் வாசல்) உண்டு. ஆனாலும் சர்வரைக் கவனிக்க ஆளில்லாத ஸ்டுடியோவுக்குத் தள்ளும் பாதையே சௌகரியமாக இருக்கலாம். நேரலைக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

எந்தப் பாதையானாலும் திருத்திய வீடியோவை அதே பெயரில் போடாதீர்கள். தேர்_2 என்று புதுப் பெயர் கொடுங்கள். பர்ஜ் (பழைய நகலை அழிக்கச் சிடிஎன்னுக்குச் சொல்வது) கொடுத்தால் எட்ஜ் சுத்தமாகும். பார்த்தவர் போனில் தங்கிய நகலை அது தொடாது.