பேவர் கல்லா, புல்தரையா, வெறும் மண்ணா? ஒரு கிரவுண்டு வீட்டின் வெளியிடம்

சென்னைப் புறநகரில் ஒரு கிரவுண்டு மனை, 2,400 சதுர அடி. வீடு, படிக்கட்டு, கார் நிற்கும் இடம் எல்லாம் போக முன்புறமும் மேற்குப் பக்கமுமாக 500 சதுர அடி மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் பணம் தீரும் நேரத்தில்தான் இந்த இடத்தின் நினைவு பலருக்கு வருகிறது. மேஸ்திரி, "பேவர் போட்டுவிடலாமா சார்?" என்கிறார். மகளுக்குப் புல்தரை ஆசை. வீட்டுப் பெரியவரோ மண்ணை மூடவே கூடாது என்கிறார்.

மூவரும் தரையைப் பற்றியே பேசுகிறார்கள். நிழல் எங்கே விழ வேண்டும் என்பதை முடிவு செய்யாமல் தரையைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை என்பது என் கட்சி. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் மூன்று தரைகளையும் பார்ப்போம்.

பேவர் கல்

இதன் பலத்தை மறுக்க முடியாது. சேறு இல்லை, களை குறைவு, வண்டி ஏற்றலாம், பெருக்கினால் போதும். கார் ஏறும் இடத்துக்கு 80 மி.மீ. கனக் கல்லும், மற்ற இடங்களுக்கு 60 மி.மீ. கல்லும் போடுவது வழக்கம்.

பலவீனம் இரண்டு. முதலாவது வெப்பம். மே மாதப் பிற்பகலில் காய்ந்த கல், இரவு வெகுநேரம் வரை அந்தச் சூட்டைச் சுவருக்கும் ஜன்னலுக்கும் திருப்பித் தந்துகொண்டே இருக்கும். இரண்டாவது மழைநீர். 500 சதுர அடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். பத்து செ.மீ. மழை பெய்தால் அதன்மேல் விழுவது 4,600 லிட்டர். கற்களுக்கு இடையிலான இடுக்கு வழியே நீர் இறங்கும் என்பார்கள். புதிதில் இறங்கும்தான், ஓரிரு வருடத்தில் தூசி அடைத்துக்கொண்டால் தண்ணீர் தெருவுக்கு ஓடும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் மொட்டை மாடிக் குழாயைக் குழிக்குள் விட்டதோடு கடமை முடிந்ததாக நினைக்கிறோம். முற்றத்து நீரின் சரிவை யாரும் கவனிப்பதில்லை.

புல்தரை

பார்க்க இதைவிட அழகு கிடையாது. குழந்தைகள் விழுந்தாலும் அடிபடாது, கல்லைப்போலச் சூடேறாது. கணக்குப் போட்டால்தான் முகம் வாடும். சென்னைக் கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்குச் சுமார் 5 மி.மீ. நீர் வேண்டும், அதாவது சதுர மீட்டருக்கு 5 லிட்டர். நம் 46 சதுர மீட்டருக்கு 230 லிட்டர், பதினைந்து குடம். ஏப்ரல் முதல் ஜூன் வரை மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 21,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் வாங்கினால் இரண்டு லோடு புல்லுக்கே போய்விடும்.

நர்சரியில் கிடைக்கும் வகைகளில் கொரியன் புல் மெதுவாக வளரும், வெட்டும் வேலை குறைவு. ஆனால் நாளானால் திட்டுத்திட்டாக மேடு கட்டும். அருகம்புல் வகைகளுக்கு முழு வெயில் வேண்டும். எருமைப்புல் அரை நிழலைத் தாங்கும், இலைதான் முரடு. அடர்ந்த மரநிழலில் எதுவும் நிலைக்காது. புல்லும் நிழல்மரமும் ஒரே இடத்தில் வேண்டும் என்று கேட்பவருக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

மண்ணும் மூடாக்கும்

பெரியவர் சொன்ன வழி. வெறும் மண்ணாக விட்டால் கோடையில் புழுதி, ஐப்பசியில் சேறு. அதனால் நடக்கும் இடத்தில் மட்டும் கடப்பைக் கல் பதித்து, கார் சக்கரம் ஓடும் இரண்டு பட்டைகளுக்கு மட்டும் பேவர் போட்டு, மீதியில் மூன்று நான்கு அங்குலம் காய்ந்த இலையை மூடாக்காகப் பரப்பிச் செடி வைக்க வேண்டும். வெயில் படும் இடத்தில் பொடுதலை. நம் குளக்கரைகளில் தானாகவே படர்கிற செடி. ஓரளவு மிதிபடவும் தாங்கும், புல்லைவிடக் குறைந்த நீரில் பிழைக்கும். நிழலில் கனகாம்பரம், பெரணி. இரண்டுக்கும் நடுவில் வெட்சியும் நந்தியாவட்டையும்.

மஞ்சள் பூவோடு மளமளவென்று படரும் வெடீலியாவை நர்சரிக்காரர் சிபாரிசு செய்வார். வேண்டாம். உலகின் மோசமான ஆக்கிரமிப்புச் செடிகளின் பட்டியலில் அதற்கு இடம் உண்டு.

இந்த வழியிலும் தொல்லை உண்டு. முதல் வருடம் களையெடுத்தே கை ஓய்ந்துபோகும். பாம்பு வரும் என்ற பயத்தைச் சிரித்து ஒதுக்கவும் முடியாது. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும், எலிக்குக் கல் குவியலும் அடர்ந்த புதரும் போதும். வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டு அடியைச் செடியும் மூடாக்கும் இல்லாமல் வெறுமையாக வைத்தால் அந்தப் பயமும் குறையும், கரையான் சுவரேறுவதும் கண்ணில் படும்.

மரம்: எங்கே, எது?

நிழலை முதலில் முடிவு செய்யச் சொன்னதன் காரணம் இதுதான்: நிழல் விழும் இடத்தில் புல் நிற்காது, விழாத இடத்தில் கல் சுடும். குளிர்நாட்டுப் புத்தகங்கள் தெற்கில் இலையுதிர் மரம் வைக்கச் சொல்லும். சென்னைக்கு அது பொருந்தாது. ஏப்ரல் கடைசியிலேயே சூரியன் உச்சந்தலைக்கு வந்துவிடுகிறது. மே, ஜூனில் வடமேற்கில் மறைகிறது. வீட்டைச் சுடுவது மேற்குச் சுவரில் விழும் பிற்பகல் வெயில். மரம் அங்கேதான் வேண்டும். தெற்குப் பக்கம் சூரிய மின்தகட்டுக்கும் காய்கறிச் செடிக்கும் திறந்திருக்கட்டும்.

குல்மோகர் வேகமாக வளரும், பூத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆனால் எளிதில் முறிகிற மரம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னைச் சாலைகளில் விழுந்து கிடந்தவற்றில் அது நிறையவே இருந்தது. சரக்கொன்றையின் அழகில் எனக்கும் மயக்கம் உண்டு, ஆனால் நிழல் தேவைப்படும் கோடையில்தான் இலை உதிர்த்துப் பூத்து நிற்கும். நாட்டு வாதுமை அடுக்கடுக்காக விரிந்து சீக்கிரம் நிழல் தரும். அதன் பெரிய இலைகள் மாடி வடிகாலை அடைக்கும். நெட்டிலிங்கம் மறைப்புக்கு நல்லது, நிழலுக்கு ஆகாது. மூன்றடி அகலச் சந்தில் வைக்க அதற்கு நிகரில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேம்பு அருமையான மரம்தான், சுவரிலிருந்து பதினைந்து அடியாவது விட இடம் இருந்தால்.

இந்த மனைக்கு என் ஓட்டு புங்கைக்கு. கடலோர மணலிலும் வரும், உப்புத் தண்ணீரை ஓரளவு பொறுக்கும். இலையை உதிர்த்தாலும் கோடை முற்றுவதற்குள் துளிர்த்து அடர்ந்துவிடும். இலையில் கொப்புளம் கிளம்பும். அது சிலந்திப்பேன் வேலை, மரத்துக்குப் பெரிய ஆபத்தில்லை. மேற்குப் பக்கம் ஒன்று போதும். அடியில் நான்கடிச் சதுரம் மண்ணாக விட்டுவிட வேண்டும், பேவர்காரர் அடிமரம் வரை கல்லை நெருக்கிவிடுவார். முருங்கை வேண்டுமென்றால் பின்புறம், காரின் மேல் கிளை சாயாத தூரத்தில். ஒடித்து ஒடித்துத்தான் வளர்க்க வேண்டும். மழைக்காலத்துக் கம்பளிப்பூச்சியைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

சுற்றுச்சுவர் ஓரத்துக்குக் கோனோகார்பஸ் என்ற வேகமாக வளரும் வெளிநாட்டு மரம் வேண்டவே வேண்டாம். குஜராத் 2023-லேயே அதை நடத் தடை போட்டது. மருதாணி வேலி மெதுவாக வளர்ந்தாலும் நாற்பது வருடம் நிற்கும்.

கையில் பணம் குறைவென்றால் இந்த வருடம் புங்கங்கன்றும் சக்கரப் பட்டையும் மட்டும் போதும். கன்றைப் புரட்டாசியில் நட்டால் வடகிழக்குப் பருவமழையே வேர் பிடிக்க வைத்துவிடும். மீதித் தரையை அந்த மழை முடிந்தபின் முடிவு செய்யலாம். எந்த மூலையில் தண்ணீர் இரண்டு நாள் நிற்கிறது என்று அப்போது தெரிந்துவிடும். அங்கே மண் கொட்டி மேடாக்காமல் வாழையோ சேம்போ வையுங்கள்.