ஏரோமோட்டிவ் பாண்டம் 340: பழைய மஸ்டாங் டேங்குக்குள் புதிய பம்ப்

1965 முதல் 1968 வரையிலான ஃபோர்டு மஸ்டாங்கில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஹோலி ஸ்னைப்பர் போன்ற எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் போடுகிறவர்கள் முதலில் முட்டி நிற்பது பெட்ரோல் பம்பில்தான். டைமிங் கவரில் உட்கார்ந்திருக்கும் பழைய மெக்கானிக்கல் பம்ப் தருவது 5, 6 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு). ஸ்னைப்பருக்கு வேண்டியதோ 58 பிஎஸ்ஐக்குச் சற்று மேல்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் வண்டியின் அடியில் ஒரு வெளி பம்பை மாட்டிவிடுவார்கள். எலக்ட்ரிக் பம்ப் நன்றாகத் தள்ளும்; உறிஞ்சுவதில் வீக். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறையும், பக்கத்தில் சைலன்சர் சூடு, பெட்ரோலில் எத்தனால் வேறு. எத்தனால் கலந்தால் பெட்ரோல் ஆவியாகும் அழுத்தம் கூடும். குழாய்க்குள் குமிழ் கட்டி, பம்ப் வறண்டு கத்த ஆரம்பிக்கும், கொஞ்ச காலத்தில் உயிரை விடும். பம்பை டேங்குக்குள் இறக்கிவிட்டால் உறிஞ்சும் வேலையே இல்லை. சுற்றியுள்ள பெட்ரோலே அதைக் குளிர்விக்கும். அதற்கான கிட்களில் ஒன்றான ஏரோமோட்டிவ் நிறுவனத்தின் பாண்டம் வெல்டிங் இல்லாமல் முடிவது. அதனால்தான் இதைத் தைரியமாகப் பரிந்துரைக்கலாம்.

பெட்டிக்குள் பம்ப், அதைத் தொங்கவிடும் தாங்கி, குழாய் வாய்கள் உள்ள மேல்மூடி, தடிமனான நுரை கேஸ்கெட், டேங்குக்கு உள்ளிருந்து ஏறும் ஸ்டட் வளையம், துளையிட வழிகாட்டும் தகடு, நுரைக் கூடை எல்லாம் இருக்கும். 6 முதல் 11 அங்குல ஆழமுள்ள டேங்குகளுக்குப் பொருந்தும். இந்தக் கிட்டின் உயிர்நாடி நுரைக் கூடைதான். பழைய டேங்குகளில் பெரும்பாலும் தடுப்புச் சுவர் கிடையாது. கால் டேங்க் இருக்கும்போது வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு மூலைக்கு ஓடிவிடும், பம்ப் காற்றை விழுங்கும். கார்புரேட்டரில் மிதவைக் கிண்ணம் அதைச் சமாளித்துவிடும். இன்ஜெக்‌ஷனில் இன்ஜின் உடனே திக்கும். கூடை பெட்ரோலைப் பம்பைச் சுற்றியே பிடித்து வைக்கிறது, திரும்பி வரும் பெட்ரோலும் அதற்குள்ளேயே விழுகிறது.

ஒரே குறை, 340 (பம்ப் மணிக்குத் தள்ளும் லிட்டர்) என்பது பெரும்பாலானவர்களுக்கு அதிகம். 289 அல்லது 302 கன அங்குல இன்ஜினில் 300 குதிரைசக்தி என்று வைத்தால், ஒரு குதிரைசக்திக்கு மணிக்கு அரை பவுண்டு பெட்ரோல் என்ற கணக்கில் 150 பவுண்டு, அதாவது மணிக்குச் சுமார் 95 லிட்டர். பம்ப் 340 லிட்டர் தள்ளினால் மீதி அத்தனையும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாக டேங்குக்கே திரும்பிச் சுற்றிக்கொண்டே இருக்கும். நெடுந்தூரம் ஓடும்போது டேங்கே சூடாகும். ரிட்டர்ன் பைப் ஒல்லியாக இருந்தால் அழுத்தமும் தானாக ஏறும். சாதாரண இன்ஜினுக்குப் பாண்டம் 200 போதும். 340ஐ டர்போ, சூப்பர்சார்ஜர் போடப் போகிறவர்கள் வாங்கட்டும்.

பொருத்தும்போது மிக ஆபத்தான கட்டம் டேங்கில் துளை போடுவது. காலி டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட மோசமாக வெடிக்கும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆவியும் காற்றும். மடிப்பு ஓரங்களில் பெட்ரோல் ஒளிந்திருக்கும். ஒருமுறை அலசினால் போகாது. உள்ளே துரு இருந்தால் வடிகட்டி சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். மஸ்டாங்குக்குப் பழைய அச்சிலேயே செய்த புது ரீப்ரொடக்‌ஷன் டேங்க் சுலபமாகக் கிடைக்கிறது. பெட்ரோலே படாத அந்தப் புது டேங்கில் துளை போடுவதுதான் சரியான வழி. பழைய டேங்கில் டிரில் வைக்கவே வேண்டாம்.

துளை 3¼ அங்குலம். உள்ளே தடுப்போ, கேஜ் மிதவையின் கையோ இடிக்காத இடமாக, கூடியவரை நடுவில், ஆழம் அதிகமுள்ள பகுதியில் குறிக்க வேண்டும். வட்டத் துளை வெட்டும் ஹோல் சாவை மெதுவான வேகத்தில் ஓட்டி, பற்களில் கிரீஸ் தடவினால் இரும்புத்தூள் அதிலேயே ஒட்டும். பிறகு வழிகாட்டித் தகட்டை வைத்து ஸ்டட் துளைகள், பிசிறு தேய்ப்பு, உள்ளே காந்தம், அலசல். இதில் அவசரப்பட்டால் அந்தத் தூள் நேராகப் பம்புக்குள் போகும்.

ஆழத்தை அளக்கும் இடம் துளைக்கு நேர் கீழே. அடித்தகடு மேடு பள்ளமாக இருப்பதால் ஓரத்தில் அளந்தால் தப்பாகும். தாங்கியை அந்த அளவுக்கு வெட்ட வேண்டும்; ஒருமுறை குறைத்துவிட்டால் நீட்ட வழியில்லை. கூடையைச் சற்று உயரமாகவே விட்டு, மூடியை இறுக்கும்போது அது அமுங்கி நிற்கும்படி செய்ய வேண்டும். தளர்வாக இருந்தால் கூடை நகர்ந்து அதன் பயனே போய்விடும். நுரை கேஸ்கெட் நெளிவுள்ள தகட்டிலும் அடைத்துக்கொள்ளும். ஆனால் நட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரே பக்கம் முறுக்கினால் அது பிதுங்கி, டேங்க் நிறைந்த அன்று கசியும்.

டேங்குக்குள் மூழ்கும் ஓஸ் (ரப்பர் குழாய்) எஸ்ஏஇ 30ஆர்10 என்ற தரமாக மட்டுமே இருக்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் ஓஸ் என்று கடையில் தருவது பெரும்பாலும் 30ஆர்9. அது வெளியே பயன்படுத்தத்தான். பெட்ரோலில் மூழ்கினால் வெளி ரப்பர் ஊறி விரிசல் விடும், அழுத்தம் டேங்குக்குள்ளேயே கசியும், பம்பைக் குறை சொல்லிக் கழற்றிப் போடுவார்கள். சப்ளைக்கு 3/8 அங்குலப் பைப். பழைய 5/16 பைப்பை, துரு இல்லையென்றால், ரிட்டர்னுக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் பம்ப் 200 ஆக இருந்தால் மட்டும். பம்புக்குப் பிறகு 10 மைக்ரான் வடிகட்டி கட்டாயம்.

இனி மஸ்டாங்குக்கே உரிய சிக்கல். இந்தக் காரில் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. வேலை செய்ய அது பெரிய வசதி. டேங்கை இறக்காமலே பம்பை எடுக்கலாம். ஆனால் பம்பின் மேல்மூடியில் சிறு கசிவு இருந்தாலும் ஆவி டிக்கிக்குள், அங்கிருந்து பின்சீட்டுக்கு வரும். அதனால் டேங்குக்குக் காற்றுப் போய்வரும் வென்ட் வாயை ஒருபோதும் டிக்கிக்குள் திறந்து விடக் கூடாது. ஓஸ் போட்டு மேலே ஏற்றி, வண்டி கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வு வைத்து, தரை வழியே வெளியே விட வேண்டும். வென்ட்டை அடைத்துவிட்டுக் காற்றுப் புகாத பெட்ரோல் மூடி போட்டாலோ டேங்கில் வெற்றிடம் ஏற்பட்டு, வெயிலில் ஒரு மணி நேரம் ஓடியதும் வண்டி நிற்கும். அழுத்த மீட்டரை மாட்டிப் பார்க்காதவர்கள் இதைப் பம்ப் கோளாறு என்றே நினைப்பார்கள்.

வயரிங்கில் பழைய 1960களின் வயரை நம்பவே கூடாது. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர், 30 ஆம்பியர் ஃபியூஸ், ரிலே. ரிலேவை இயக்கும் சிக்னல் கம்ப்யூட்டரிலிருந்து வர வேண்டும்; சாவி திருப்பியதும் சில வினாடி ஓடி, இன்ஜின் சுற்றாவிட்டால் பம்ப் நின்றுவிடும். நேரடி இக்னிஷன் இணைப்பில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. விபத்தில் பம்பை நிறுத்தும் இனர்ஷியா ஸ்விட்ச், பிற்கால ஃபோர்டு கார்களில் வருவது, ஒன்றை டிக்கியில் சேர்த்துவிடலாம். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய பாடியில் குட்டையாக இறுக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பம்ப் முனையில் 13 வோல்ட்டுக்குக் குறைந்தால் எங்கோ இணைப்பு சரியில்லை.

பழைய மெக்கானிக்கல் பம்பைக் கழற்றி, டைமிங் கவரில் மூடுதகடு வைத்து அடைத்துவிடவும். சேதமான கவரில் எண்ணெய் ஒழுகும். கேஸ்கெட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கார்புரேட்டரையே வைத்துக்கொண்டு இந்தப் பம்பை மட்டும் போடவும் முடியும். அப்போது 6 பிஎஸ்ஐ தரக்கூடிய பைபாஸ் ரெகுலேட்டரும் ரிட்டர்ன் பைப்பும் வேண்டும். ரிட்டர்ன் இல்லாத சாதாரண ரெகுலேட்டர் போட்டால் மிதவை ஊசி தாங்காமல் பெட்ரோல் வழிந்துவிடும்.

வண்டியை எடுப்பதற்கு முன் சாவியை நான்கைந்து முறை திருப்பி அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பார்க்க வேண்டும். அதன்பின் டேங்கை முழுக்க நிரப்பி, சரிவான இடத்தில் ஓரிரவு நிறுத்தி, காலையில் டிக்கியைத் திறந்ததும் முகர்ந்து பார்க்க வேண்டும். கொஞ்சம் வாடை வந்தாலும் கேஸ்கெட்டைத் திரும்பக் கழற்ற வேண்டியதுதான்.