பழைய 1.3 டீசல்: டைமிங் செயின் அறுந்ததை எப்படி கண்டுபிடிச்சோம்

2010 மாடல் 1.3 லிட்டர் டீசல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்ட்ல வாங்கி வருஷக்கணக்கா ஓட்டிட்டு இருக்கேன், ஓடோமீட்டர் 1.7 லட்சம் கிமீ தாண்டிருச்சு. ஹைவேல ஏசி போட்டாலும் மைலேஜ் 20க்கு கீழ போகாது, 2000 ஆர்பிஎம் வரைக்கும் தூங்கும் அப்புறம் டர்போ இழுத்துட்டு ஓடும், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் வழக்கமான செலவு. நான் சொல்ல வந்தது டைமிங் செயின் கதை, அதாவது பிஸ்டனோட சேர்ந்து சுத்துற கிராங்க்கையும் வால்வைத் திறந்து மூடுற கேம்ஷாஃப்ட்டையும் (சுருக்கமா கேம்) இணைச்சு ஒண்ணா சுத்த வைக்கிற சங்கிலி.

வாங்கும்போது எல்லாரும் சொன்னது "இது பெல்ட் இல்லங்க, செயின், ஆயுசுக்கும் தொட வேண்டாம்". செயின் பெல்ட் மாதிரி காஞ்சு வெடிக்காதுதான், ஆனா ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் தேயத் தேய மொத்த நீளம் கூடிட்டே போகும், அந்த தொய்வை இழுத்துப் பிடிக்கிறது ஆயில் பிரஷர்ல வேலை செய்ற டென்ஷனர், ஆயிலை நேரத்துக்கு மாத்தாம அது கெட்டியாகி சகதி கட்டுச்சுன்னா டென்ஷனரும் சரியா தள்ளாது. முன்னாடி வச்சிருந்தவர் ஆயில் எப்போ மாத்தினார்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம். காலைல முதல் ஸ்டார்ட்ல ரெண்டு செகண்ட் 'கரகர'ன்னு கேட்டு அப்புறம் அடங்கிடும். காட்டின இடத்துல எல்லாம் "டீசல்னா சத்தம் இருக்கத்தான் செய்யும்"னு முடிச்சுட்டாங்க.

அறுந்தது திருச்சி மதுரை ரோட்டுல, துவரங்குறிச்சி தாண்டி. வெடிச்ச சத்தம், புகை எதுவும் இல்ல, திடீர்னு இழுவை போச்சு, மீட்டர்ல லைட் எல்லாம் எரிஞ்சுது, பிரேக் இறுகிருச்சு, உருண்ட வேகத்துலயே ஓரம் கட்டிட்டேன். செல்ஃப் அடிச்சா நல்லா சுத்துது, ஸ்டார்ட் ஆகல. ஆனா சுத்துற சத்தம் வேற. நல்ல டீசல் இன்ஜின்ல செல்ஃப் அடிச்சா ஒவ்வொரு சிலிண்டர் கம்ப்ரஷனுக்கும் 'உர் உர் உர்'னு திணறும், இது மிக்ஸி ஓடுற மாதிரி லேசா வேகமா 'உய்ய்ங்'னு சுத்துச்சு. முக்கால்வாசி பதில் அந்த சத்தத்துலயே இருந்துச்சு.

முதல்ல வந்த எலக்ட்ரீஷியன் ஸ்கேனர் போட்டார், பி0340, கேம் சுத்துறதைக் கவனிக்கிற சென்சார்ல கோளாறுன்னு சொல்ற கோடு. சென்சார் மாத்தியாச்சு, அதே கோடு திரும்ப வந்துச்சு. அடுத்தவர் டீசல் பம்ப் ஆளு, லைவ் டேட்டால ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தம்) ஏறவே இல்லங்கிறதைக் காட்டி "ஹை பிரஷர் பம்ப் போச்சு சார், கழட்டணும்"னார். அவர் சொன்ன தொகையைக் கேட்டு வண்டியை ரெக்கவரி வேன்ல ஏத்தி ஊருக்கே கொண்டு வந்துட்டேன்.

ரெண்டு பேர் ரீடிங்கும் கரெக்ட்டு, முடிவு தான் தப்பு. இந்த இன்ஜின்ல ஹை பிரஷர் பம்பை சுத்துறதே கேம்ஷாஃப்ட் தான். செயின் அறுந்தா கிராங்க் சுத்தும், கேம் நிக்கும், கேம் நின்னா சென்சாருக்கு சிக்னல் கிடையாது, பம்பும் சுத்தாது, பிரஷரும் ஏறாது. ரெண்டு கம்ப்ளைண்ட்டுக்கும் ஒரே காரணம்.

திருச்சி அரியமங்கலம் பக்கம் ஷெட் வச்சிருக்கிற ஒரு அண்ணன் ஸ்கேனரை எடுக்கவே இல்ல. "தம்பி, லேசா செல்ஃப் அடிங்க"ன்னார், கேட்டார், ஆயில் ஊத்துற மூடியைத் திறந்து டார்ச் அடிச்சு இன்னொரு தடவை லேசா அடிக்கச் சொன்னார், உள்ள கேம் அசையல. "செயின் போச்சு தம்பி, இனிமே சாவியைத் தொடாதீங்க." எல்லா வண்டியிலயும் அந்த ஓட்டை வழியா கேம் தெரியாது, சிலதுல உள்ள தகடு மறைக்கும், அப்போ கேமோட சேர்ந்து சுத்துற வேக்யூம் பம்பைக் கழட்டிப் பார்க்கலாமாம். செயின் அறுகாம ஸ்ப்ராக்கெட்ல (செயின் மாட்டுற பல் சக்கரம்) பல் தாண்டியிருந்தா இந்த டெஸ்ட் ஏமாத்தும், ஏன்னா கேம் சுத்தத்தான் செய்யும். அதுல பி0016, கிராங்க்கும் கேமும் ஒத்துப் போகலைங்கிற கோடு வர வாய்ப்பு அதிகம், குளோ பிளக் (ஸ்டார்ட்டுக்கு சிலிண்டரை சூடாக்குறது) ஓட்டைல கேஜ் போட்டு கம்ப்ரஷன் பார்த்தா தெரிஞ்சிரும், நல்ல டீசல்ல 25, 30 பார் காட்டணும். எதுவா இருந்தாலும் தள்ளி ஸ்டார்ட் பண்றது மட்டும் வேண்டவே வேண்டாம், டீசல்ல பிஸ்டன் மேல வரும்போது ஹெட்டை ஒட்டி நிக்கும், இடமே கிடையாது, திறந்திருக்கிற வால்வு நேரா அடி வாங்கும்.

பிரிச்சுப் பார்த்தா செயின் ஒரு லிங்க்ல அறுந்திருக்கு, பிளாஸ்டிக் கைடு நொறுங்கி சம்ப்ல (இன்ஜின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) விழுந்து பாதி ஆயில் உறிஞ்சுற இடத்து ஸ்ட்ரெய்னர் வலைல ஒட்டிக்கிட்டு இருக்கு. வால்வை அழுத்துற ராக்கர் ஆர்ம் பல உடைஞ்சிருக்கு, சில வால்வு வளைஞ்சிருக்கு, பிஸ்டன்ல லேசான தழும்பு தான். செயின், ரெண்டு கைடு, டென்ஷனர், ஸ்ப்ராக்கெட், ஹெட் கேஸ்கெட், லேத் வேலை எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரத்தை ஒட்டி ஆச்சு. செயினை மட்டும் மாத்திட்டு பழைய டென்ஷனரையே போடுறேன்னு சொல்ற இடத்துல வேலை குடுக்காதீங்க. கேம் லாக் பண்ற டூல் இருக்கான்னும் கேளுங்க, மார்க்கர் பேனால குறி போட்டு மாட்டுறவங்களும் இருக்காங்க. மாட்டின உடனே சாவி போடாம, ஸ்பேனர் போட்டு கிராங்கை கையால முழுசா ரெண்டு சுத்து சுத்திப் பார்க்கணும், கேம் அதுக்குள்ள ஒரு சுத்து சுத்தி மார்க் அதே இடத்துக்கு வரணும். என் வண்டிக்கு அந்த அண்ணன் அதை என் கண் முன்னாடியே செஞ்சார்.

இப்போ காலை கரகர சுத்தமா இல்ல, மைலேஜ் அதே தான், ஆயில் 10,000 வரைக்கும் இழுக்காம 7,500லயே மாத்திடுறேன். டர்போ ஹோஸ்ல லேசா ஆயில் கசிவு ஆரம்பிச்சிருக்கு, அதை அடுத்த சர்வீஸ்ல பார்க்கணும்.