தினசரி ஓட்டத்துக்கு 1966 ஃபியட் 1100 டிலைட்: நான்கு வருட அனுபவம்

பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் பதினோரு வருடம் சும்மா நின்ற ஃபியட்டை இறக்கி ஓட்ட ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை துடைத்துப் பார்த்துவிட்டு மூடி வைக்கிற வண்டி இல்லை. கோயம்புத்தூரில் வடவள்ளியிலிருந்து பீளமேட்டில் இருக்கும் கல்லூரிக்குத் தினமும் இதில்தான் போய் வருகிறேன். போக வர 30 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். நம்பிப் போகலாமா என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது: எஞ்சினைத் தாராளமாக நம்பலாம், பிரேக்கை மட்டும் மாதாமாதம் பார்க்க வேண்டும்.

1953-இல் இத்தாலியில் வந்த ஃபியட் 1100-103 மாடலின் வழியில் பிறந்த வண்டி இது. 1964 முதல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் இதைத் தயாரித்தது. 1970களில் பெயர்தான் பத்மினி என்று மாறியது, உள்ளே அதே 1089 சிசி எஞ்சின். இன்றைக்கு இதைத் தினசரி ஓட்ட முடிவதே அதனால்தான். பத்மினிக்கு வந்த கேஸ்கட், பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட் என்று பலதும் உக்கடத்தில் தேடினால் சிக்கும். சிக்காத புஷ்ஷைக் கணபதியில் ஒரு லேத்தில் கடைந்து வாங்கிவிட்டேன்.

ஸ்டியரிங் கம்பத்திலேயே இருக்கும் கியர் முதல் மாதம் என்னைப் படுத்தி எடுத்தது. முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் (பற்களின் வேகத்தை ஒத்துப்போக வைத்துக் கியரை மென்மையாக விழ வைக்கும் அமைப்பு) கிடையாது; வண்டி முழுதாக நிற்காமல் போட்டால் பல் நறநறவென்று கத்தும். எங்கள் மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து, "தள்ளக் கூடாது அம்மிணி, எடுத்து வெக்கோணும்" என்றார். அதற்கப்புறம் இரண்டு விரலாலேயே விழுகிறது.

ஏப்ரல் மதியம்தான் கஷ்டம். லட்சுமி மில்ஸ் சிக்னலில் பத்து நிமிடம் ஊர்ந்தால் பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி, வண்டி விக்கி விக்கி நின்றுவிடும். இதற்கு மருந்து ஈரத்துணிதான். பானெட்டைத் தூக்கி, எஞ்சின் ஓரத்தில் இருக்கும் பம்ப் மேல் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். துணியிலிருந்து ஆவி கிளம்பும், அப்புறம் ஒரே செல்ஃபில் பிடித்துக்கொள்ளும். சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துண்டும் எப்போதும் இருக்கும். ஏசி இல்லைதான். ஆனால் முன்கதவின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். புது வண்டிகளில் அதை ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு இன்னமும் வருத்தம்.

பிரேக் கதைக்கு வருகிறேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், எல்லாவற்றுக்கும் பிரேக் ஆயில் போகும் லைன் ஒன்றுதான். சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் ஒன்று கசிந்தால் மொத்த பிரேக்கும் போய்விடும். ஒரு கடையில் நல்ல கிட் என்று சொல்லிச் சிலிண்டருக்குள் போட்டுக் கொடுத்த ரப்பர் ஒரே மாதத்தில் ஊறிப்போய், மருதமலை ரோட்டில் பெடல் தரை வரைக்கும் இறங்கியது. கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து ஓரங்கட்டினேன். அன்றைக்கு எதிரே பஸ் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் உள்ளங்கை வியர்க்கிறது. இப்போது ரப்பரை நானே பார்த்துத்தான் வாங்குகிறேன். மாதம் ஒரு தடவை சக்கரத்தின் உள்பக்கம் கையால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பேன்.

மைலேஜ் ஊருக்குள் லிட்டருக்கு 11, 12. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் இன்னும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அது பழைய ரப்பரைக் கெடுக்கும் என்பதால் பெட்ரோல் ஹோஸையும் பம்ப் டயஃப்ரமையும் மாற்றிவிட்டேன். மின்சாரம் தரும் பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதே வேலையை மெதுவாக ஓடும்போதும் நன்றாகச் செய்யும் சின்ன ஆல்டர்னேட்டர் போட்டதில் சிக்னலில் ஹெட்லைட் மங்குவது நின்றது. இந்தச் செலவு கட்டாயம் செய்யலாம்.

வாங்கப் போகிறவர்கள் பெயிண்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். உள்ளே விரித்திருக்கும் மேட்டைத் தூக்கி, தரைத் தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் கிங் பின் (முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சு முளை) தேய்ந்திருக்கலாம். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.