வளவுக் குழாய்க் கசிவைக் கைபேசியில் பார்க்க: எந்த அளவி பிடிக்கும், எது விட்டுவிடும்

தாங்கியின் நீர்மட்டம் நிலத்திலிருந்து 6 மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே மண்ணுக்குள் ஓடும் பிவிசி குழாயில் ஒன்றரை மில்லிமீற்றர் ஓட்டை. தென்னோலை ஈர்க்கு நுழையும் அளவுதான். அதால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 லீற்றர் வெளியே போகும். ஒரு நாள் முடிய 1000 லீற்றர் தாங்கி ஒன்று அப்படியே மண்ணுக்குள் போயிருக்கும்.

இப்போது சந்தையில் மிக மலிவாகக் கிடைக்கும் நீரோட்ட அளவி வைஎஃப்-எஸ்201-ஐ அந்தக் குழாயில் பூட்டிப் பாருங்கள். அதன் அளவெல்லை நிமிடத்துக்கு 1 முதல் 30 லீற்றர். 0.7 லீற்றர் ஓட்டத்தில் உள்ளே இருக்கும் சின்னச் சக்கரம் நிற்கலாம், விட்டுவிட்டுச் சுழலலாம். கைபேசியில் 'ஓட்டம் 0' என்று வரும். வளவில் கசிவே இல்லை என்று நம்பி இருப்பீர்கள். கசிவு பார்க்கவென்று இதை வாங்குபவர்கள் முதலில் அறிய வேண்டியது இதுதான்.

வன்னியில் இந்தக் கணக்கு முக்கியம். ஆவணி, புரட்டாதியில் கிணறு அடிமட்டத்துக்குப் போகும் நேரத்தில் நாளுக்கு ஒரு தாங்கி வீணாவது என்றால், தென்னம்பிள்ளைக்கோ மாட்டுத் தொட்டிக்கோ போகவேண்டிய தண்ணீர் போகிறது என்று அர்த்தம். வேலைக்காக வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ நிற்பவர்களும், காணியை இன்னொருவர் பொறுப்பில் விட்டு வெளிநாட்டில் இருப்பவர்களும் கசிவை அறிவது மின்சாரப் பட்டியலைப் பார்த்துத்தான். இறுகிய செம்மண் காணியில் ஈரம் மேலே வந்து, கோடையிலும் புல் பச்சையாக நின்று இடத்தைக் காட்டிக்கொடுக்கும். முல்லைத்தீவுக் கரையோர மணலில் அதுவும் இல்லை. தண்ணீர் நேரே கீழே இறங்கிவிடும்.

வைஎஃப்-எஸ்201-ஐ ஒதுக்கிவிட்டால் அதன் இடத்தில் எதைப் போடுவது? தாங்கியிலிருந்து வெளியேறும் குழாயில், துடிப்பு வெளியீடு உள்ள (குறித்த அளவு தண்ணீர் போகும்போதெல்லாம் ஒரு மின்துடிப்புத் தரும்) மல்ரிஜெற் தண்ணீர் மீற்றர்; பல தாரைகளால் சக்கரத்தைச் சுழற்றும் வகை அது. வீட்டு இணைப்புகளுக்குப் பூட்டும் முள்மீற்றரேதான்; முகப்பில் சுழலும் சிறு காந்தமும், பக்கத்தில் இரண்டு வயருடன் ஒரு ரீட் சுவிச்சும் (காந்தம் கிட்ட வந்தால் மூடிக்கொள்ளும் சுவிச்சு) கூடுதலாக இருக்கும். விலை பல மடங்கு கூட. ஆனாலும் இந்தத் தொகுதியில் பணம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

வாங்கும்போது மீற்றரின் முகப்பில் இரண்டு குறிகளைப் பாருங்கள். ஒன்று க்யூ3, அதாவது மீற்றர் தொடர்ந்து தாங்கும் ஓட்டம், மணிக்குக் கனமீற்றரில்; மற்றது ஆர் என்ற விகிதம். க்யூ3-ஐ ஆரால் வகுத்தால் மீற்றர் நம்பகமாக அளக்கும் மிகக் குறைந்த ஓட்டம் வரும். 15 மில்லிமீற்றர், க்யூ3 2.5, ஆர்80 என்றால் மணிக்கு 31 லீற்றர். மேலே சொன்ன ஓட்டை மணிக்கு 42 லீற்றர் விடுகிறது, ஆகவே அகப்பட்டுவிடும். இந்தக் கீழெல்லைப் பகுதியில் 5 வீதம் வரை பிழை வரலாம். கசிவு பார்ப்பதற்கு அது தாராளம்.

ஒரு இடறல் உண்டு. உயரத் தாங்கியின் அழுத்தம் குறைவு. 10 மீற்றர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார்தான். 15 மில்லிமீற்றர் மீற்றருக்குள்ளால் நிமிடத்துக்கு 20 லீற்றர் இழுத்தால் ஒன்றரை மீற்றர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் மீற்றரிலேயே செலவாகலாம். குளியலறைக்கும் குசினிக்கும் இது பரவாயில்லை. தோட்டத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஹோஸ் திறப்பவர்களுக்குத் தண்ணீர் மெலிந்துவிடும். அவர்கள் 20 மில்லிமீற்றர், க்யூ3 4 என்று குறித்த தண்ணீர் மீற்றரை எடுக்க வேண்டும். ஆனால் அதில் ஆர்80 எடுத்தால் கீழெல்லை மணிக்கு 50 லீற்றராக ஏறி, நமது ஓட்டை அதற்குக் கீழே போய்விடும். ஆர்160 கேளுங்கள், கீழெல்லை 25 லீற்றர். மீற்றரைக் கிடையாக, முகப்பு வானத்தைப் பார்க்கப் பூட்டினால்தான் இந்த எண்கள் செல்லும். தாங்கித் தூணோடு இறங்கும் செங்குத்துக் குழாயில் பூட்டினால் சிறு ஓட்டத்தைக் காணும் திறன் பாதியாகக் குறையலாம்.

துடிப்புக்கு 1 லீற்றர் என்ற வகையே நல்லது. 10 லீற்றர் வகையும் வேலை செய்யும், ஆனால் செய்தி பிந்தும்.

ரீட் சுவிச்சில் வழக்கமாக வரும் கோளாறு இரட்டை எண்ணிக்கை. சுவிச்சின் தகடு ஒட்டும்போது சில தடவை துள்ளும். துடிப்பை எண்ணிக் கைபேசிக்கு அனுப்பும் ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை ஒவ்வொரு துள்ளலையும் ஒரு லீற்றராக எண்ணும். 10 கிலோ ஓம் புல்-அப் தடையும் (சுவிச்சு திறந்திருக்கும்போது உள்ளீட்டை உயர் வோல்ற்றில் நிறுத்துவது), சுவிச்சுக்குக் குறுக்கே 100 நனோபரட் மின்தேக்கியும் போட்டு, மென்பொருளிலும் ஒரு துடிப்புக்குப் பின் 100 மில்லிசெக்கன் வேறெதையும் எண்ணாமல் விடச் சொல்ல வேண்டும். காந்தம் சரியாகச் சுவிச்சின் விளிம்பில் வந்து நின்று, குழாயில் தண்ணீர் முன்னும் பின்னும் சிறிது ஆடினாலும் பொய்த் துடிப்பு வரும். மீற்றருக்குப் பின், தண்ணீரைத் திரும்ப விடாத ஒரு நொன்-றிற்றேண் வால்வு அதை அடக்கும். அழுத்தம் குறைந்த இணைப்பு என்பதால் மென்மையான சுருள்வில் உள்ளதைத் தேடுங்கள்.

மலிவுச் சக்கர அளவிக்குப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது: கிணற்றிலிருந்து தாங்கிக்கு ஏறும் ஒரு அங்குலக் குழாய். அங்கே ஓட்டம் பெரிது. எஃப்எஸ்400ஏ என்ற ஒரு அங்குல வகை நிமிடத்துக்கு 1 முதல் 60 லீற்றர் வரை பார்க்கும். லீற்றருக்கு 288 துடிப்பு. அளவியைக் கிணற்றடியில், மோட்டரின் வெளியேற்றப் பக்கத்தில் வைக்க வேண்டும். மோட்டர் 800 லீற்றர் அனுப்பியதாக அது சொல்லி, தாங்கி 600 லீற்றர்தான் ஏறியிருந்தால், இடையில் குழாய் வெடித்திருக்கிறது. யானை மிதித்தது, உழவு இயந்திரம் ஏறியது போன்ற பெரிய உடைவுகள் பெரும்பாலும் இந்த வழியிலேயே தெரியவரும். மோட்டர் தொடங்கும்போது குழாயில் இருக்கும் காற்று சக்கரத்தை வேகமாகச் சுற்றும். முதல் 30 செக்கன் எண்ணிக்கையைக் கழித்துவிடுங்கள். உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் உள்ள ஓட்டை தண்ணீரை வெளியே விடாது, காற்றை உள்ளே இழுக்கும். அதன் அடையாளம் ஓட்டம் நாளுக்கு நாள் மெலிவது, அல்லது மோட்டர் தண்ணீர் பிடிக்காமல் ஓடுவது.

பூட்டும் முறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த அளவிகளில் பல பூட்டும் நாளிலேயே பழுதாகின்றன. அளவியை மாட்டிவைத்துக்கொண்டு பக்கத்துச் சொக்கெற்றை ஒட்டக்கூடாது. பைப் கம் ஒரு சொட்டு உள்ளே வழிந்தாலும் சக்கரம் அச்சோடு ஒட்டிவிடும். முதலில் வால்வ் சொக்கெற்றும் இரு பக்கமும் யூனியனும் வைத்துக் குழாய் வேலையை முடியுங்கள். அடுத்த நாள் தண்ணீரைத் திறந்து வெட்டுத்தூளை வெளியேற்றிவிட்டு, அதன் பிறகு அளவியைப் பூட்டுங்கள். பிளாஸ்ரிக் புரியைக் கையால் இறுக்கி, ரென்ஞ்சால் கால் சுற்று மட்டும். அதற்கு மேல் போனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில கிழமையில் நெடுக்காக வெடிக்கும். அளவிக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல் 10 மடங்கு, பின்னால் 5 மடங்கு நேர்க்குழாய் விட வேண்டும். அதற்கும் முன்னால் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி. குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் செம்மண் நிறப் படிவு சக்கரத்தின் காந்தத்தில் ஒட்டும். கடினநீரில் வெள்ளைப் படிவு வரும். இரண்டுக்கும் மாதம் ஒருமுறை கழற்றி, தேசிக்காய்ப் புளி கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவிட்டு மெல்லிய தூரிகையால் தேய்த்தால் போதும்.

இனித் தாங்கியின் மட்டம். மணிக்கு 5 லீற்றர் ஒழுகும் கழிவறை மிதவை வால்வை மேலே சொன்ன எந்த மீற்றரும் உறுதியாகக் காணாது. ஆனால் ஒரு மீற்றர் அளவு விட்டமுள்ள தாங்கியில் 1 சென்ரிமீற்றர் இறக்கம் ஏறத்தாழ 8 லீற்றர். ஆறு மணிநேரத்தில் அந்தச் சிறு ஒழுக்கு 30 லீற்றர், அதாவது மூன்றரை சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட. மட்டத்தில் அது தெரியும்.

மட்டம் பார்க்க அதிகம் வாங்கப்படுவது ஜேஎஸ்என்-எஸ்ஆர்04ரி என்ற ஒலியலை அளவி. மூடியில் ஒரு துளை போட்டு மாட்டிவிடலாம், நீரைத் தொடாது. குறைகள் மூன்று. முகத்திலிருந்து 20 - 25 சென்ரிமீற்றருக்குள் வரும் நீரை அது அளக்காது. நிரம்பிய தாங்கியில் பொய் எண் காட்டும். முகத்தில் ஆவி படிந்தால் எண் துள்ளும். மூன்றாவதுதான் பலரை அலைக்கழிப்பது: வெப்பம். வெயிலில் கறுப்புத் தாங்கியின் உட்காற்று கொதிக்கும், இரவில் குளிரும். 10 பாகை குறைந்தால் ஒலியின் வேகம் ஏறத்தாழ 1.7 வீதம் குறைகிறது. ஒரு மீற்றர் தூரத்தை அளக்கும்போது அது 1.7 சென்ரிமீற்றர் இறக்கமாகத் தெரியும். இல்லாத கசிவுக்கு 13 லீற்றர் கணக்கு வரும். ஆகவே மாலை மட்டத்தைக் காலை மட்டத்தோடு ஒப்பிடாதீர்கள். காற்று ஆறிய பிறகு, இரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் எடுத்ததை ஒப்பிடுங்கள். டிஎஸ்18பி20 வெப்பமானி ஒன்றை மூடிக்குக் கீழே தொங்கவிட்டு வேகத்தைத் திருத்திக்கொள்வது இன்னும் நல்லது.

பணம் இருந்தால் நீருக்குள் இறக்கும் அழுத்த அளவி, மட்டத்துக்கேற்ப 4 - 20 மில்லிஅம்பியர் மின்னோட்டம் தரும் வகை. 0 - 2 மீற்றர் எல்லை உள்ளதாகக் கேளுங்கள். 5 மீற்றர் வகையில் உங்கள் தாங்கி ஐந்தில் ஒரு பங்கைத்தான் பயன்படுத்தும். 150 ஓம் தடைக்கு ஊடாக விட்டால் 0.6 முதல் 3 வோல்ற்று கிடைக்கும். அதை ஈஎஸ்பி32-இன் சொந்த உள்ளீட்டில் வாசிப்பதை விட வோல்ற்றை எண்ணாக மாற்றும் ஏடிஎஸ்1115 சில்லு ஒன்றுக்கூடாக வாசித்தால் எண் ஆடாது. கேபிளுக்குள் மெல்லிய காற்றுக்குழாய் ஒன்று ஓடும். அதன் நுனியைச் சிலிக்கனால் அடைத்துவிட்டால் காற்றழுத்தம் மாறும்போதெல்லாம் மட்டமும் மாறுவதாகக் காட்டும்.

குழாயில் பூட்டும் அழுத்த அளவியை 6 மீற்றர் தாங்கிக்கு வாங்க வேண்டாம். பொதுவாகக் கிடைப்பது 0 - 12 பார்; நமக்கு இருப்பது 0.6 பார்.

செய்தி அனுப்பும் பக்கம். தாங்கி வீட்டோடு இருந்தால் ஈஎஸ்பி32-உம் வைபையும் போதும். வெளி அன்ரெனா பூட்டக்கூடிய பலகையாக எடுங்கள். சக்கர அளவியை 5 வோல்ற்றில் ஓட்டினால் அதன் துடிப்பும் 5 வோல்ற்றில் வரலாம். 10, 20 கிலோ ஓம் தடைகளால் 3.3-க்கு இறக்கிக் கொடுக்காவிட்டால் பலகையின் உள்ளீடு மெல்லக் கெடும். இந்தப் பலகைக்கான ஈஎஸ்பிஹோம் மென்பொருளில் துடிப்பு எண்ணும் பகுதி ஆயத்தமாகவே இருக்கிறது. அங்கிருந்து வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் காட்டும் ஹோம் அசிஸ்டன்றுக்கும், ரெலிகிராம் செய்தியாக உங்கள் கைக்கும் கொண்டுபோகலாம். கிணறு வளவின் கோடியில், வைபை எட்டாத தூரத்தில் இருந்தால் லோரா, அதாவது குறைந்த மின்சக்தியில் தூரம் எட்டும் வானொலி முறை. அலைவரிசை இலங்கையில் அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டு இடத்துக்கும் இடையில் நீளக் கேபிள் இழுப்பது மலிவாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை இடிமின்னலில் அந்தக் கேபிள்தான் இரு முனைப் பலகையையும் எரிக்கும்.

இணையமே இல்லாத காணிக்கு, சிம் அட்டை போட்டுச் செய்தி அனுப்பும் சிம்800எல் தொகுதி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அது 2ஜி மட்டும். அனுப்பும் கணத்தில் 2 அம்பியர் வரை இழுத்து, பற்றரி மெலிந்தால் தானாகவே மீள ஆரம்பிக்கும். 4ஜி தொகுதியே எடுங்கள். றீலோட் காலாவதியானால் எச்சரிக்கை வராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எச்சரிக்கை விதிகள் குறைவாக இருக்கட்டும். இரவு 1 முதல் 4 வரை மீற்றர் 3 லீற்றருக்கு மேல் எண்ணினால் ஒன்று. அதே நேரத்தில் மட்டம் ஒன்றரை சென்ரிமீற்றர் இறங்கினால் ஒன்று. மோட்டர் அனுப்பியதும் தாங்கி ஏறியதும் 10 வீதத்துக்கு மேல் வேறுபட்டால் ஒன்று. மோட்டர் ஓடும்போது வீட்டில் செலவானதை வெளியேற்ற மீற்றரிலிருந்து எடுத்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். நான்காவது, ஆறு மணிநேரமாகப் பலகையிலிருந்து எந்தச் செய்தியும் வராவிட்டால். மின்சாரம் போய் ரூட்டர் அணைந்த இரவில் எல்லா எண்ணும் அமைதியாக இருக்கும். அந்த அமைதியைக் கசிவின்மையாக எடுத்துவிடக்கூடாது. ரூட்டருக்கு 12 வோல்ற்று சிறு யுபிஎஸ், பலகைக்கு 18650 என்ற லிதியம் பற்றரி.

இரவில் சொட்டுநீர்ப் பாசனம் ஓட்டுபவர்கள் அதன் நேரத்தை மாலைக்கு மாற்றாமல் முதல் விதியைப் பயன்படுத்த முடியாது.

எச்சரிக்கை வந்த பின் இடத்தைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டியதில்லை, கிளைக்கொரு போல் வால்வு வேண்டும். வீடு, தோட்டம், மாட்டுக் கொட்டில் என்று மூன்று கிளை என்றால் முதல் இரவு தோட்டத்தை மூடிவிட்டு எண்ணைப் பாருங்கள். அடுத்த இரவு கொட்டில், அதற்கடுத்தது வீடு. எந்த இரவில் எண்ணிக்கை நின்றதோ அந்தக் கிளையில்தான் தோண்ட வேண்டும். காணியைப் பார்ப்பவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல மூடக்கூடியதாக வால்வுகளுக்கு நிறப் பூச்சு அடித்துவைத்தால் வெளிநாட்டிலிருந்தும் இதைச் செய்விக்கலாம்.

தூரத்திலிருந்தே மூடும் வால்வு விரும்பினால் சிறு மின்மோட்டரால் திரும்பும் 12 வோல்ற்று போல் வால்வு. மின்காந்தத்தால் திறக்கும் சொலனொயிட் வால்வுகளில் பல திறந்து மூட 0.2 பார் அழுத்த வேறுபாடு கேட்பவை. தாங்கி அழுத்தத்தில் அரைகுறையாக நிற்கும், மின்சாரம் போனால் வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும்.

பலகைப் பெட்டியின் கேபிள் துளைகளைக் கிளாண்ட் போட்டு அடையுங்கள். எறும்பு கூடு கட்டுவதும் பல்லி நுழைவதும் பலகைகளைக் கெடுக்கின்றன. கிழமைக்கு ஒருமுறை மீற்றர் முகப்பைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, கைபேசியில் உள்ள மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். முகப்பு கூடவும் கைபேசி குறையவும் காட்டினால் மின்சாரம் இல்லாத நேரத்துத் துடிப்புகள் தவறியிருக்கின்றன. கைபேசி கூடக் காட்டினால் ரீட் சுவிச்சு துள்ளுகிறது.