மலை ஏறுறதா, நாள்கணக்கா நடக்குறதா? வடசென்னையில இருந்து ஒரு அலசல்

லீவு கிடைச்சா நம்ம பசங்க வாயில முதல்ல வர்றது ஆந்திரா பக்கம் இருக்குற நாகலாபுரம் மலை தான். விடியக்காலைல தண்டையார்பேட்டையில வண்டிய எடுத்தா ரெட்ஹில்ஸ், ஊத்துக்கோட்டை தாண்டி மலையடிவாரம், பாறை, ஓடை, ஒரு குளியல், ராத்திரிக்குள்ள வீடு. சூப்பரா இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா நாள்கணக்கா நடக்குற நெடுநடையும் இதுவும் ஒண்ணுதான்னு சொல்றாங்க பாருங்க, அத ஒத்துக்கவே முடியாது.

மலையில தூரம் பெரிய விஷயமே இல்ல, ஏத்தம் தான் விஷயம். 1892லயே நைஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கணக்கு சொல்லிட்டார், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 600 மீட்டர் ஏத்தத்துக்கும் இன்னொரு மணி நேரம் சேத்துக்கணும். ஏறுறப்ப மூச்சு வாங்கும், ஆனா தொடையும் முட்டியும் அடி வாங்குறது இறங்குறப்ப தான். அப்புறம் காட்டுக்குள்ள போக வனத்துறை பர்மிஷன் கட்டாயம், தேனி பக்கம் மலை ஏறப் போனவங்க பலர் செத்துப்போன 2018 குரங்கணி காட்டுத்தீய யாரும் மறந்துடக்கூடாது.

நெடுநடை வேற ரகம். ஸ்பெயின்ல கமீனோன்னு ஒரு பாதை, பிரான்ஸ் பக்கம் ஆரம்பிச்சு சுமார் 780 கிலோமீட்டர், ஒரு மாசத்துக்கு மேல ஆகும், தினமும் 20, 25 கிலோமீட்டர் தான். ஒரு நாள் நடக்குறது யாராலயும் முடியும், மறுநாள் காலைல அதே கால ஷூவுக்குள்ள விடுறது தான் பரீட்சை. வேர்வைல சாக்ஸ் நனைஞ்சு, குதிகால்ல தோல் உரசி, மொதல்ல லேசா சூடு தெரியும், அப்பவே நின்னு ஷூவ கழட்டி காய வச்சு டேப் ஒட்டணும், இன்னும் ஒரு கிலோமீட்டர் போய் பாத்துக்கலாம்னு விட்டா கொப்புளம் தான். சாயங்காலம் பாதம் வீங்கும், அதனால ஷூவ கொஞ்சம் பெருசாவே வாங்குங்க.

இதெல்லாம் நம்ம ஜனங்களுக்கு புதுசா என்ன? ஆடி மாசம் மஞ்சள் கட்டிக்கிட்டு பெரியபாளையத்துக்கு நடக்குறவங்க, வேளாங்கண்ணிக்கு நாள்கணக்கா நடக்குறவங்க எல்லாம் நம்ம தெருவுலயே இருக்காங்க, கால் வைத்தியம் அவங்கள கேளுங்க. ஆனா அது தார் ரோடு, லாரி நடுவுல. இயற்கைக்குள்ள நீளமா நடக்க நம்ம பக்கம் வழி கம்மி, எண்ணூருக்கு வடக்க கடற்கரையோரமா போயிடலாம்னு பாத்தா துறைமுகங்க குறுக்க நிக்குது. அது எனக்கு பெரிய வருத்தம்.

இருந்தாலும் என் ஓட்டு நெடுநடைக்கு தான். மலையில கண்ணு எந்நேரமும் அடுத்த பாறை மேல இருக்கும், சமதரையில தான் தலைய தூக்கி பாக்கவே முடியுது. குளிர்காலத்துல பழவேற்காடு போங்க, பூநாரை வர்ற நேரம், ஏரிக்கரை பக்கம் வெயில் ஏறுறதுக்குள்ள ஒரு 10 கிலோமீட்டர், ராத்திரி அங்கயே தங்கி மறுநாளும் அதே 10. ரெண்டாவது நாள் கால் ஓகேன்னா அப்புறம் தூரத்த ஏத்துங்க.